உலகைக் கற்கும் நம் பிள்ளைகளும் ஊதியமில்லாப் பயிற்சியும்

பிள்ளைகளின் மேற்படிப்பைக் குறித்துப் பெற்றோர் பங்குத் தந்தையரிடம் கலந்து பேசுவது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். செவிலியர் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி, பொறியியல், பாலிடெக்னிக் என்றால் நமக்கும் விடை தெரியும். கேட்பவருக்கும் பாதி விடை தெரிந்தே இருக்கும். அண்மைக் காலமாகப் புதியதொரு வினா நம் செவியில் விழுகின்றது. “மகள் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகள் படிக்கிறாள், சாமி. இன்டர்ன்ஷிப் போகவேண்டும் என்கிறாள். அது என்ன படிப்பு? அது என்ன வேலை?” என்பதே அவ்வினா.

களிமண்ணும் சூளையும் இரயில் சந்திப்பும் வாழ்வாய் அமைந்த விருத்தாசலத்துக் குடும்பங்களிலிருந்து இத்தகைய வினா எழுவது நமக்கு மகிழ்ச்சி தருகின்றது. ஆயினும் மகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. இப்படிப்பினால் திறக்கும் வாயில்கள் யாவை, அவற்றுள் நுழைய ஆகும் செலவு எவ்வளவு, அச்செலவை யார் தாங்குவது என்பனவற்றைக் குடும்பமாக அமர்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்குத் துணையாகவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

இது என்ன படிப்பு?

நாடுகள் தம்முள் எவ்வாறு உறவாடுகின்றன, உடன்படிக்கை செய்துகொள்கின்றன, பகைக்கின்றன, சமாதானம் ஆகின்றன என்பதை முறையாகக் கற்பிப்பதே பன்னாட்டு உறவுகள் என்னும் கல்வி. உலக வாணிபம், கடல் எல்லை, அகதிகள், ஐக்கிய நாடுகள் அவை ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். நம் நாட்டில் இதற்கென இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி 1955 இல் டில்லியில் நிறுவப்பட்டது. அது 1970 இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இன்று இப்பாடத்தைக் கற்க டில்லிக்குத்தான் செல்லவேண்டும் என்பதில்லை. பேருந்தில் சென்று சேரக்கூடிய தொலைவிலேயே உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை இயங்குகின்றது. சென்னையில் அருட்சகோதரியர் நடத்தும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் இது கற்பிக்கப்படுகின்றது.

“இஃதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு, நமக்கும் உலக அரசியலுக்கும் என்ன தொடர்பு?” என்று சிலர் வினவுவதுண்டு. நம் ஊரைச் சற்றே உற்று நோக்கின் விடை கிடைக்கும். நம் தொழிற்பேட்டையில் அன்றாடம் புழங்கும் மண்ணுக்குச் சீனக் களிமண் என்று பெயர். அதன் மற்றொரு பெயராகிய கயோலின் என்பது சீன நாட்டிலுள்ள காவோலிங் என்னும் ஊரின் பெயரிலிருந்தே வந்தது. அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்து பிழைக்கும் நம் மக்களின் சூளைகள், சீனத்திலிருந்து வந்து குவிந்த மலிவான பீங்கான் பொருள்களோடு போட்டியிட நேர்ந்ததை அறியாதார் யார்? அந்நாட்டுப் பீங்கான் சமையற் கலங்களும் உணவுக் கலங்களும் இயல்பான விலைக்கும் குறைந்து இங்கே வந்து இறங்குகின்றன என்று விசாரணையில் கண்ட இந்திய அரசு, 2018 இல் அவற்றின்மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. அவ்விசாரணை எவ்வாறு நடைபெறும், உலக வாணிப நிறுவனத்தின் விதிகள் அதற்கு எந்த அளவு இடந்தருகின்றன, சிறு தொழிலாளர் தம் குறையை எங்கே முறையிடலாம் என்பனவெல்லாம் பன்னாட்டு உறவுகள் படிக்கும் மாணவரின் பாடங்கள். சூளையடியில் வளர்ந்த பிள்ளைக்கு இப்பாடம் பிறரைக் காட்டிலும் விரைவில் விளங்கும் என்பதில் ஐயமில்லை.

இன்னொன்றும் காண்க. நமக்கு அண்மையிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், 1680 இல் இத்தாலி நாட்டிலே பிறந்தவர். கடல் கடந்து வந்தவர், இங்கே ஆசானாக அமரும் முன்னர் மாணவராக அமர்ந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்பது மரபு. பிறநாட்டாரின் மொழியையும் வழக்கத்தையும் அவர்தம் காலடியில் இருந்து கற்றல் என்பதற்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நம் வட்டாரத்தில் வேறு இல்லை. ஆகவே உலகம் நமக்குப் புதிதன்று. அது நம்மிடம் பலமுறை வந்து சென்றிருக்கின்றது. இப்போது நம் பிள்ளைகள் அதனை நோக்கிப் புறப்படுகின்றனர், அவ்வளவே.

பயிற்சிப் பணி ஏன்?

இன்டர்ன்ஷிப் என்பது படிக்கும் காலத்திலோ படித்து முடித்த உடனேயோ ஓர் அலுவலகத்தில் சில வாரங்களோ மாதங்களோ அமர்ந்து, அங்குள்ளோர் செய்யும் வேலையை உடனிருந்து செய்து கற்பதாகும். நாம் இதனைப் பயிற்சிப் பணி என்போம். மருத்துவம் படித்தவர் ‘ஹவுஸ் சர்ஜன்’ ஆகப் பணிபுரிவதையும், சட்டம் படித்தவர் மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்வதையும் நாம் அறிவோம். அதே முறைதான் இதுவும்.

இதன் தேவையை நம் ஊரார்க்கு விளக்குவது எளிது. களிமண் கரைசலை அச்சில் வார்த்து எடுத்தால் பாத்திரத்துக்கு உருவம் வந்துவிடுகின்றது. காய்ந்த பின்னர் பார்வைக்கும் அழகாகவே இருக்கின்றது. ஆனால் அதில் நீரை ஊற்றினால் கரைந்து போகும். சூளையில் ஆயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வெந்து வந்த பின்னரே அது பயன்படும் கலம் ஆகின்றது. பட்டம் மட்டும் பெற்ற மாணவரின் நிலை காய்ந்த பச்சைக் கலத்தின் நிலையே. ஓர் அறிக்கையை உரிய நேரத்தில் எழுதி முடித்தல், மேலலுவலர் அடித்துத் திருத்திய பக்கத்தை முகம் கோணாது மீண்டும் எழுதுதல், வேற்று மொழியாளரோடு ஒரே மேசையில் அமர்ந்து பணியாற்றுதல் ஆகியவை வகுப்பறையில் வாரா.

அன்றியும், இது இப்போது மாணவரின் விருப்பத்தைப் பொறுத்ததாக மட்டும் இல்லை. இளநிலைப் பட்டப் படிப்பில் நான்காம் பருவத்திற்குப் பின் 60 முதல் 120 மணி நேரப் பயிற்சிப் பணியைச் சேர்க்கும் நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்துள்ளது. எனவே இவ்வினா இனி ஓரிரு குடும்பங்களோடு நில்லாது, பட்டப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு குடும்பத்தின் வாசலுக்கும் வரும்.

எங்கெங்கே வாய்ப்பு?

முதலாவதாகக் குறிப்பிடத் தக்கது இந்திய அரசின் வெளியுறவு அமைச்சகம். 2022 இல் அது வெளியிட்ட திட்டத்தின்படி, பட்டம் பெற்ற 25 வயதுக்கு மேற்படாத இந்தியக் குடிமக்கள் ஆண்டில் இரு பருவங்களில் விண்ணப்பிக்கலாம். ஒன்று முதல் மூன்று மாதம் வரை டில்லியில் அமைச்சகப் பிரிவுகளில் பயிற்சி தரப்படும். மாதந்தோறும் 10,000 ரூபாய் மதிப்பூதியமும், டில்லி சென்றுவர விமானக் கட்டணமும் உண்டு. எல்லா மாநிலத்தாரும் இடம் பெறவேண்டும் என்பதும், பெண்களுக்குப் போதிய பங்கு வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் நோக்கங்கள். வளர்ச்சியில் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று அரசு தெரிந்தெடுத்தவற்றுக்கும் முன்னுரிமை உண்டு. தமிழகத்தில் இராமநாதபுரமும் விருதுநகரும் அவ்வகையின. அவ்விரு மாவட்டங்களில் உறவினர் உடைய நம் வாசகர், இச்செய்தியை அவர்களுக்குத் தவறாமல் தெரிவிப்பாராக. தங்கும் இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை அமைச்சகத்தின் தளத்திலேயே படித்தறிதல் நலம்.

அடுத்தவை ஆய்வு நிறுவனங்கள். 1943 இல் தொடங்கப் பெற்று, 2001 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட உலக விவகாரங்களுக்கான இந்தியக் கழகம் டில்லி சப்ரூ இல்லத்தில் உள்ளது. பாதுகாப்பு ஆய்வுக்கென 1965 இல் அமைந்த நிறுவனமும், உலக வாணிப நிறுவனம் குறித்து ஆராய 1999 இல் அமைந்த மையமும் அங்கேயே உள்ளன. சென்னையில் சீனத்தைக் குறித்து ஆராயும் மையம் ஒன்று 2008 முதல் இயங்குகின்றது. புதுவையில் 1955 இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கப்பலேறாமலே பிறநாட்டு அறிஞரோடு பழகும் வாய்ப்பை நம் மாணவர்க்கு அளிக்கக் கூடியது.

மூன்றாவது, ஐக்கிய நாடுகள் அவையும் அதன் கிளைகளும். நியூயார்க், ஜெனீவா ஆகிய நகரங்களின் பெயரைக் கேட்டவுடன் மாணவர் உள்ளம் துள்ளுவது இயல்பே. ஆனால் ஒன்றை அறிதல் வேண்டும். அவ்வவையின் தலைமைச் செயலகம் இரண்டு முதல் ஆறு மாதம் வரை பயிற்சி அளிக்கின்றது, ஊதியம் அளிப்பதில்லை. பயணம், விசா, தங்குமிடம், உணவு ஆகிய அனைத்தும் மாணவர் பொறுப்பு. அதன் கிளைகளுள் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உதவித்தொகை தருகின்றது. குழந்தைகள் நிதியமும் 2018 முதலும், உலகச் சுகாதார நிறுவனம் 2020 முதலும் தரத் தொடங்கியுள்ளன. எனவே ‘ஐ.நா.’ என்ற ஒரே சொல்லைக் கேட்டு மயங்காமல், எந்தக் கிளை, என்ன நிபந்தனை என்று வேறுபடுத்திக் காணவேண்டும். 1964 முதல் அவ்வவையில் நிரந்தரப் பார்வையாளராக விளங்கும் திருப்பீடத்தின் நியூயார்க் அலுவலகமும் பட்டதாரி மாணவரைப் பயிற்சிக்கு ஏற்கின்றது என்பதை நம் இளைஞர் பலர் அறியார்.

நான்காவது, தொண்டு நிறுவனங்கள். 1980 இல் இயேசு சபைத் தலைவர் அருட்தந்தை பேதுரு அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணியகமும், ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் அலுவலகமும், ஈழ ஏதிலியருக்கெனப் பணிபுரியும் அமைப்புகளும் தமிழகத்தில் செயற்படுகின்றன. 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் வாழும் முகாம்கள் நம் கடலூர் மாவட்டத்திலும் உள்ளன. 2021 இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. பன்னாட்டு உறவு என்பதன் உயிர்ப்பான பாடநூல் நம் வீட்டுக்கு அருகிலேயே விரிந்து கிடக்கின்றது.

கையிலிருந்து காசு கொடுத்துச் செய்யும் வேலை

வாய்ப்புகளை அடுக்கிக் கூறுதல் எளிது. கடினமான பகுதி இனிமேல்தான் வருகின்றது.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு மாணவி. தந்தை பீங்கான் பட்டறை ஒன்றில் சூளை வேலை பார்ப்பவர். தாய் அகல் விளக்குகளுக்குப் பூச்சு வேலை செய்பவர். முதுகலையில் பன்னாட்டு உறவுகள் பயிலும் அம்மகளுக்குக் கடந்த ஆண்டு இரு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று டில்லியில் ஓர் ஆய்வு நிறுவனம், இரண்டு மாதம், ஊதியம் இல்லை. மற்றொன்று சென்னையில் ஏதிலியர் நலனுக்கான ஓர் அமைப்பு, எட்டு வாரம், பேருந்துச் செலவும் மதிய உணவும் மட்டும் உண்டு. மூவரும் ஒரு மாலை நம்மைக் காண வந்தனர்.

மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொணர்ந்திருந்தாள். டில்லிக்கு இரயில் கட்டணம், பெண்கள் விடுதி, முன்பணம், உணவு, குளிர்காலத்துக்குக் கம்பளி என்று வரிசையாக எழுதிக் கூட்டியிருந்தாள். 38,000 ரூபாய் வந்தது. தந்தையின் மூன்று மாதச் சம்பாத்தியத்திற்கு நிகரான தொகை அது. தம்பிக்குப் பாலிடெக்னிக் கட்டணம் கட்டவேண்டிய மாதமும் அதுவே.

தாய் நம்மைப் பார்த்து, “வேலைக்குப் போனா கூலி வாங்கியாருவாங்க, சாமி. இவ கையிலேருந்து காசு குடுத்துட்டு வேலைக்குப் போறேங்கிறா. இது எந்த ஊரு நியாயம்?” என்றார்.

தந்தை சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “நான் சூளைக்குப் போன மொத ஆறு மாசம் எடுபிடிதான், சாமி. ஒண்ணும் தெரியாது. ஆனாலும் மேஸ்திரி ரெண்டு வேளை டீயும் சோறும் குடுத்து, சனிக்கிழமை கைச்செலவுக்கும் குடுப்பாரு” என்றார்.

அவ்விருவர் சொற்களையும் நாம் பலநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. எழுத்தறிவு மிகுதியும் இல்லாத ஒரு மேஸ்திரி, தம்மிடம் தொழில் பழக வந்த பையனின் வயிற்றை நினைத்தார். உலகுக்கே நீதி உரைக்கும் பேரவைகள் அதனை நினைக்க இத்துணைக் காலம் ஆனது ஏன்? 2015 ஆகஸ்டு மாதத்தில், ஐ.நா. அலுவலகத்தில் ஊதியமின்றிப் பயிற்சி பெற்றுவந்த நியூசிலாந்து நாட்டு இளைஞர் ஒருவர், வாடகை கொடுக்க இயலாமல் ஜெனீவா ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த செய்தி உலகெங்கும் பரவியது. செல்வ நாட்டு இளைஞருக்கே அந்நிலை எனில், நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

நம் நாட்டுச் சட்டம் இதில் முற்றும் கண்மூடி இருக்கவில்லை. 1961 ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, தொழிற்சாலையில் பழகுநராகச் சேரும் ஐ.டி.ஐ. மாணவருக்கு உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும். இளம் வழக்கறிஞருக்கு மூத்தோர் மாதந்தோறும் உதவித்தொகை வழங்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 இல் வலியுறுத்தியது. பெருநகரங்களில் 20,000 ரூபாயும் ஏனைய ஊர்களில் 15,000 ரூபாயும் என்று அளவும் குறித்தது. ஆனால் கலைத்துறைப் பட்டதாரி ஒருவர் ஆய்வு நிறுவனத்தில் பெறும் பயிற்சி பெரும்பாலும் இவ்வரம்புகளுக்குப் புறத்தே நிற்கின்றது. உழைப்பவருக்கு அவரும் குடும்பமும் வாழப் போதிய கூலி தரப்பட வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891 இல் எழுதியது ஆலைத் தொழிலாளரை நினைந்து. மேசையில் அமர்ந்து அறிக்கை எழுதும் இளையோரின் உழைப்பும் உழைப்பே அன்றோ?

ஊதியமில்லாப் பயிற்சியின் தீமை, இரண்டு மாதக் கூலி இழப்போடு முடிவதன்று. யாருடைய பெற்றோர் செலவைத் தாங்க வல்லவரோ அவர்தம் பிள்ளைகளே அவ்விடங்களில் அமர்வர். நாளை வேலைக்கு ஆள் எடுக்குங்கால் முன்னனுபவம் கேட்கப்படும். அது அவர்களிடமே இருக்கும். இவ்வாறு அகதிகளையும் தொழிலாளரையும் குறித்து முடிவெடுக்கும் மேசைகளில், அவ்வாழ்வை அறிந்தவர் ஒருவரும் இல்லாத நிலை உண்டாகும். இழப்பு மாணவருக்கு மட்டும் அன்று, அம்மேசைக்கும் இழப்பே.

அந்தத் தாயிடம், “நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, அம்மா. இதற்கு நம்மிடம் சாமர்த்தியமான விடை இல்லை” என்றே கூறினோம். மகளிடம், “டில்லிதான் உலகம் என்று எண்ணாதே, மகளே. எங்கே உனக்கு உண்மையான வேலை கொடுப்பார்கள் என்று விசாரித்துப் பார்” என்றோம். அவள் இரு இடத்தாருக்கும் கடிதம் எழுதி, நாள்தோறும் தான் செய்யவேண்டிய பணி யாது என வினவினாள். டில்லியார் பொதுவாக எழுதினர். சென்னையார், முகாம்களுக்குச் சென்று ஆவணங்களைத் தொகுக்கும் பணி என்று தெளிவாக எழுதினர். அவள் சென்னையைத் தெரிந்துகொண்டாள். சித்தி வீட்டில் தங்கினாள். அவளோடு பயிலும் தோழி ஒருத்தி, வசதியுள்ள வீட்டுப் பெண், டில்லிக்குச் சென்றாள்.

எட்டு வாரம் கழித்துத் திரும்பியவள் கூறியவற்றுள் ஒன்று நம் நெஞ்சில் நிற்கின்றது. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டினைப் பத்து மதிப்பெண் வினாவாக அவள் படித்திருந்தாள். இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்பது அதன் சாரம். எந்தப் பட்டியலிலும் ஏறாது, இரு நாட்டுக்கும் குடிமகள் ஆகாது முதுமை எய்திய ஒரு பாட்டியை அவள் முகாமில் கண்டாள். அவருடைய பிறப்புச் சான்றைத் தேடி எழுதிய விண்ணப்பங்களில் மூன்று, அவள் கைப்பட எழுதியவை. “நாடற்றவர் என்ற சொல்லுக்கு இனி எனக்கு அகராதி வேண்டாம், சாமி” என்றாள்.

வெளியுறவு அமைச்சகத்தின் பயிற்சிக்கு ஒருமுறை விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. மறுமுறை விண்ணப்பித்திருக்கின்றாள்; முடிவு இன்னும் வரவில்லை. டில்லி சென்ற தோழிக்கு அங்கேயே ஓர் ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்துவிட்டது. இதனை மறைத்துக் கூறுதல் நேர்மை ஆகாது. நம் மாணவி பெற்றது சிறந்த பயிற்சியே. ஆயினும் பணம் திறக்கும் கதவு வேறு, உழைப்பு திறக்கும் கதவு வேறாய் இருக்கும் நிலை இன்னும் மாறவில்லை.

பெற்றோர் கவனத்திற்கு

முதலாவது: பயிற்சிப் பணிக்குக் கட்டணம் கேட்போரை நம்பற்க. ‘ஐ.நா. பயிற்சிக்குத் தெரிவு செய்யப்பட்டுள்ளீர், முன்பதிவுக் கட்டணம் அனுப்புக’ என்று கைபேசியில் வரும் மடல்கள் மோசடியே. ஐக்கிய நாடுகள் அவை விண்ணப்பத்திற்கோ நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ எந்நிலையிலும் கட்டணம் வாங்குவதில்லை. வளைகுடா வேலை என்று கூறிப் பணம் பறித்த முகவர்களைக் கண்ட நம் ஊரார், அதே வலை மாணவர்க்கும் விரிக்கப்படுவதை உணர்தல் வேண்டும்.

இரண்டாவது: எழுத்து வடிவில் அழைப்புக் கடிதம் பெறுக. எத்தனை வாரம், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வை, முடிவில் சான்றிதழ் உண்டா என்பன அதில் இருத்தல் வேண்டும். தேநீர் வாங்கி வரவும் தாள்களை நகலெடுக்கவும் மட்டும் வைத்துக்கொள்வோரிடம் பிள்ளையின் இரண்டு மாதத்தை ஒப்படைத்தல் வீண்.

மூன்றாவது: பெண் மக்களை வெளியூருக்கு அனுப்பும் தாய் தந்தையரின் அச்சத்தை நாம் அறிவோம். பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலினின்று காக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெறாத பயிற்சியாளருக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் ஒவ்வோர் அலுவலகத்திலும் முறையீட்டைக் கேட்க உள்ளகக் குழு இருத்தல் வேண்டும். அக்குழு யாது என்று முதல் நாளிலேயே கேட்டறிவது குற்றம் அன்று, உரிமை. தங்குமிடத்திற்குத் துறவற சபைகளின் விடுதிகளையும், 1946 முதல் இயங்கும் டில்லித் தமிழ்ச் சங்கத்தையும் அணுகி விசாரிக்கலாம்.

பெண்ணுக்கு வெளிநாட்டு அரசியல் எதற்கு என்போர்க்கு ஒரு வரலாற்றைச் சொல்லிக் காட்டுவோம். சென்னையில் பயின்ற குடகு நாட்டுப் பெண்மணி சி. பி. முத்தம்மா, 1949 இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதற்பெண். மணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விலக நேரிடலாம் என்ற விதி அக்காலத்தில் பெண்களுக்கு மட்டும் இருந்தது. பதவி உயர்வில் தமக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1979 இல் நீதியரசர் கிருஷ்ணய்யர் அவ்விதிகளின் அநீதியைக் கடுமையாகச் சுட்டினார். இன்று அத்தகைய விதி இல்லை. ஒருவர் நடந்த தடத்தில் பலர் நடக்கின்றனர்.

மாணவச் செல்வங்களுக்கு

பட்டத்தோடு இன்னொரு மொழியையும் கற்றுக்கொள்க. புதுவை அருகிருக்கப் பிரெஞ்சு மொழி நமக்கு எட்டாக்கனி அன்று. சிங்களம் கற்ற தமிழ் மாணவர் அரியர். அரியவருக்கே தேவை மிகுதி. தமிழில் பிழையின்றி எழுதவும், தமிழ் ஆவணத்தை ஆங்கிலத்தில் தெளிவுறப் பெயர்க்கவும் வல்லவர், அகதிகள் பணியிலும் புலம்பெயர் தொழிலாளர் பணியிலும் பொன்போல் போற்றப்படுவர். சூளைத் தொழிலைப் பற்றி, வளைகுடா சென்று மீண்டோரைப் பற்றி, உங்கள் தெருவிலேயே தகவல் திரட்டி ஒரு நல்ல கட்டுரை எழுதுங்கள். விண்ணப்பத்தோடு இணைக்க அதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

பங்கு செய்யத் தக்கது

நம் பங்குகளில் திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் உதவும் வின்சென்ட் தே பவுல் சபைகள் உள்ளன. அவற்றோடு, பயிற்சிப் பணிக்குச் செல்லும் மாணவருக்கு வட்டியில்லாக் கைமாற்று வழங்கும் சிறு நிதி ஒன்றை ஏன் தொடங்கலாகாது? தானமாகக் கொடுத்தால் தன்மானமுள்ள பிள்ளை தயங்கும். வேலை கிடைத்த பின் சிறுகச் சிறுகத் திருப்பித் தரலாம் என்றால் பெற்றுக்கொள்ளும். திரும்பி வரும் தொகை அடுத்த பிள்ளைக்கு உதவும். 38,000 ரூபாய் ஒரு குடும்பத்திற்கு மலை. அறுபது குடும்பங்களுக்கு ஒரு திருநாள் வாண வேடிக்கையின் ஒரு பகுதி. சென்னையிலும் புதுவையிலும் டில்லியிலும் வாழும் நம் ஊர்க் குடும்பங்கள், ஆண்டிற்கொரு மாணவருக்கு இரண்டு மாதம் ஓர் அறையும் ஒரு தட்டுச் சோறும் தர முன்வருவாராயின் நிதியும் பாதியே போதும்.

அதுபோன்றே, அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, நிறுவனம் நடத்தும் நம் மக்களுக்கும், நம் திருச்சபையின் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகின்றது என்று கேளுங்கள். பெருந்தொகை கொடுக்க இயலாவிடினும், பயணச் செலவும் உணவும் கொடுங்கள். நம் ஊர்ச் சூளை மேஸ்திரிகள் சட்டம் எதுவும் கூறாமலே இதைச் செய்தனர். நமக்கு அது கடினம் ஆகாது.

வரும் கோடை விடுமுறைக்கு முன்னர், அன்பியக் கூட்டங்களில் இதனைப் பற்றிப் பேசுங்கள். பயிற்சி தேடும் மாணவர் பெயர்களைப் பங்கு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வெளியூரில் இடம் தரக்கூடிய உறவினரின் விவரத்தையும் தெரிவியுங்கள். உலகைக் கற்கப் புறப்படும் பிள்ளை, வாடகைக் கவலையால் வாசற்படியிலேயே நின்றுவிடாதிருக்க நம்மால் இயன்றதை இவ்வாண்டே செய்வோமாக.